கொண்டல், கச்சான்

வெள்ளவத்தை, கடற்பக்கம், நாலாம் மாடி.
ஜன்னல் பிணைச்சலைப் போன வருடம்தான் மாற்றினோம்;
உப்பு மறுபடி தின்னத் தொடங்கிவிட்டது.
மடிக்கணினித் திரையில்
ஒரு குஞ்சு கிடக்கிறது.
பதினான்கு மில்லிமீற்றர்.
உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் உடம்பு,
தெரியாமல் போனவை
இரண்டு கறுத்த கண் மட்டும்.

துருவக் கொட் மீன்.
அலாஸ்காவுக்கு வடக்கே பனி விலகிய ஆடியில்
யாரோ வலையில் அள்ளிப்
படம் பிடித்துப்
போத்தலில் போட்டார்கள்.
பெயர்: இரண்டு, பூச்சியம், நாலு, பதினேழு.

படத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பேச்சு.
தலையில் ஒரு புள்ளி, வாலில் ஒரு புள்ளி,
நடுவில் கோடு.
அடுத்தது.
காற்றைப் பார்க்கச் சொல்லி
ஒருவரும் காசு தரவில்லை.

ஆனாலும் பக்கத்து நிரலில் அது இருந்தது:
பாகை, வேகம், மணி.
எண்பது, தொண்ணூறு, நூறு.
எண்ணாய்க் கிடக்கும் காற்று எனக்கு வாசிக்க வராது.
கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல் என்று எழுதினேன்,
மேற்கென்றால் கச்சான்.
மீன்கார றெஜினோல்ட்
விலை ஏற்றும்போது சொல்லும் சாட்டுகளில்
பொறுக்கிய சொற்கள்.
"சோளகம் தூக்கிட்டுது அக்கா, போட் இறங்கல்ல."
முந்நூறு ரூபாய் கூட.

வடக்கே கடல் திறந்த கரை அது.
கொண்டல் அடித்தால்
குஞ்சுகள் மேற்கே போகும் என்று நினைத்தேன்.
மேற்கே இல்லை.
கரையை விட்டு வடக்கே,
தரை தட்டாத ஆழத்துக்கு மேலே,
கூட்டங் கூட்டமாய் விலகியிருந்தன.
கச்சான் அடித்த கிழமைகளில்
கரையோடு ஒட்டிக் கிடந்தன.

பிழை என்னுடையதா என்று கேட்டு எழுதினேன்.
பேர்கனிலிருந்து இங்கிரித் பதில் போட்டாள்:
பூமி சுற்றுகிறது.
வட பாதியில், காற்று தள்ளும் மேல்நீர்
காற்றுக்கு வலப்பக்கமாய் ஒதுங்கும்.
நீந்தத் தெரியாதவை நீரோடு போகும்.

கொழும்பிலும் அப்படியா?

ஓம், என்றாள். மெதுவாக.
அங்கே அரை நாளில் சுழன்று முடிவது
உங்கள் பக்கம் நாலு நாள் எடுக்கும்.

பின்னேரம் தண்டவாளம் கடந்து பாறைக்குப் போனேன்.
சோளகம் முகத்தில் மணல் அடித்தது.
அலைக்கு அப்பால் ஒரு சிவப்புச் செருப்பு,
ஒற்றை.
காற்று அதை பம்பலப்பிட்டிக்கு அனுப்புகிறதா,
நீர் தெஹிவளைக்கு இழுக்கிறதா என்று
கண் வைத்துக்கொண்டு நின்றேன்.
மருதானை ரயில் இடையில் வந்து கத்தியது.
திரும்பிப் பார்த்தபோது செருப்பு இல்லை.

வீட்டில் மேசைமேல் இன்னொரு படிவம்,
வீட்டுக்காரர் தந்தது.
நிரந்தர முகவரி என்ற இடத்தில்
மூன்று நாளாய்ப் பேனா நிற்கிறது.
எந்த ஊர் நீங்கள் என்று லிஃப்டில் கேட்பவர்களுக்குச்
சிரித்துவிட்டு
நாலை அமத்துகிறேன்.

இரவு அந்தப் பதினேழு திரும்ப வந்தது.
கொண்டல் நாள்.
எல்லாம் வடக்கே போயிருக்க
இது ஒன்று கரையோரத்தில்.
விலகல், நீக்கவா? என்று கேட்டது பெட்டி.
நீக்கினேன்.
பல் விளக்கும்போது மனம் கேட்கவில்லை.
வந்து,
வலை போட்ட நாளுக்கு முந்திய
நாட்களைத் திறந்தேன்.

கச்சான்.
கச்சான்.
முந்தின இரவு வரை கச்சான்.

காற்று மாறிவிட்டது, குஞ்சுக்குச் செய்தி போகவில்லை.
பழைய காற்று கொண்டுவந்து விட்ட இடத்தில்
வாய் திறந்து
எதையோ தின்றுகொண்டிருந்திருக்கிறது.
வயிற்றில் செம்மஞ்சளாய் ஒரு துளி.

மீட்டெடுத்தேன்.
தலையில் புள்ளி, வாலில் புள்ளி.
சந்தேகம் என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
படிவத்தை
நாளைக்குப் பார்க்கலாம்.
ஜன்னல் பிணைச்சல் கிரீச்சிட்டது.
பதினெட்டு
கொஞ்சம் நீளம்.